ஒரு டிரம்ஸ் செட்டைக் கெடுப்பது எப்படி

"சனிக்கிழமை டிரம்ஸைப் பார்க்க ஆள் வராங்க" என்று அம்மணி சொன்னபோது, லிஃப்ட்காரர் வாயிலிருந்த ரொட்டித் துண்டு உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் நடுவழியில் நின்றது.

"பார்க்கவா? பார்த்து?"

"பிடிச்சிருந்தா எடுத்துக்கிட்டுப் போவாங்க."

"எதை?"

"டிரம்ஸைத்தாங்க. டிரம்ஸைப் பார்க்க வந்துட்டு ஃபிரிட்ஜையா தூக்கிட்டுப் போவாங்க?"

அவ்வளவுதான். அம்மணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். எதையாவது முடிவு செய்துவிட்டால் செய்தி வாசிக்கிற மாதிரிதான் சொல்வாள். செய்தி பிடிக்கவில்லையென்றால் டிவியையாவது அணைக்கலாம். அம்மணி விஷயத்தில் அந்த வசதி கிடையாது.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். லிஃப்டைப் பழுது பார்க்கிறவர். பார்த்தவர். ஊரில் பாதிப் பேரை அந்தரத்தில் மாட்டிக்கொண்ட பெட்டிகளிலிருந்து வெளியே இழுத்துப்போட்டவர். வெளியே வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு "கடவுள் மாதிரி வந்தீங்க" என்பார்கள். இப்போது ஓய்வு பெற்று, லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவரே மாட்டிக்கொண்டிருந்தார். இழுத்துப்போடத்தான் ஆளில்லை.

அம்மணிக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. அவள் மருந்துக் கடை கவுண்டரில் நிற்பவள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூட்டுவலி, யார் வீட்டில் தூக்கமில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வீட்டுக்கு வரும் போனெல்லாம் அவளுக்குத்தான். தெருவில் இறங்கினால் லிஃப்ட்காரரை நிறுத்தி, "நீங்க மருந்துக்கடை அக்கா வீட்டுக்காரர்தானே? அந்த இருமல் மருந்து சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயான்னு அக்காவைக் கேட்டுச் சொல்லுங்க" என்பார்கள். கடல் தாண்டிப் போய்விட்ட ஒரே மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசுவாள். கடைசியில் "அப்பா நல்லா இருக்காரா?" என்று கேட்பாள். அதையும் அம்மாவிடமே கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

அதனால் தவறான எண்ணுக்குக் கூப்பிட்டவர்களைக்கூட லிஃப்ட்காரர் லேசில் விடுவதில்லை. "இல்லீங்க, இது கேஸ் ஆபீஸ் இல்ல. பரவாயில்ல, சொல்லுங்க, கேஸ் எப்பத் தீர்ந்துச்சு?" என்று ஆரம்பித்துவிடுவார். தண்ணீர் கேன் போடுகிறவர் இப்போதெல்லாம் கேனை வாசலிலேயே உருட்டிவிட்டு, மணியை அடித்துவிட்டு ஓடிவிடுகிறார்.

மிச்சம் இருந்தது டிரம்ஸ்தான்.

பின்னறையில், கிழிந்த படுக்கை விரிப்புகளை முக்காடு போட்டுக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால், முதல் வேலையில் கிடைத்த சம்பளத்தையெல்லாம் சேர்த்து, ஊரைவிட்டுப் போன ஒரு ஓட்டல் வாத்தியக்காரரிடம் வாங்கியது. பெரிய டிரம் ஒன்று, தரையில் நிற்பது ஒன்று, மேலே சின்னது, முன்னால் ஸ்னேர் என்கிற சப்பை டிரம், இரண்டு பித்தளைத் தட்டுகள். மரத்தின் மேல் முத்துச்சிப்பி மினுமினுப்பில் ஒரு பிளாஸ்டிக் தோல் ஒட்டியிருக்கும். வாங்கியபோது அது வெள்ளை. இப்போது பல் தேய்க்காத மஞ்சள். ஓரமெல்லாம் பிளந்து, கையை வைத்தால் கீறிவிடும்.

தினமும் மத்தியானம் அவர் முக்காட்டை விலக்குவார். துடைப்பார். ஸ்டூலில் உட்கார்ந்து குச்சிகளைக் கையில் எடுப்பார். அடிக்க மாட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி மூடிவிடுவார். டிரம்ஸ் தனியாக வாசிக்கிற வாத்தியம் இல்லை. பக்கத்தில் யாராவது ஒரு பாட்டை எடுக்க வேண்டும், இவர் அதன்கூடப் போக வேண்டும். தனியாக அடித்தால் போனில் ஒரு பக்கம் மட்டும் பேசுகிற மாதிரி இருக்கும். அந்தக் காலத்துக் குழுவில் அக்கார்டியன்காரர் மகன் வீட்டோடு போய்விட்டார். கிட்டார்காரருக்கு இப்போது காது கேட்பதில்லை. பாடகர் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். இந்த டிரம்ஸும் போய்விட்டால், தானும் ஒரு காலத்தில் நாலு பேரோடு சேர்ந்து சத்தம் போட்டவன் என்பதற்கு வீட்டில் சாட்சியே இருக்காது.

'கொடுக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது என்பீர்கள். நீங்கள் அம்மணியைப் பார்த்ததில்லை. "ஏன்?" என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். 'எனக்குத் துணைக்கு வேற யாருமில்ல' என்று கட்டின மனைவியிடமே சொல்வதா? அதைவிட டிரம்ஸோடு சேர்ந்து மாடியிலிருந்து குதித்துவிடலாம்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த அம்மணி சமையலறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல்.

"சேச்சே, கை வைக்க மாட்டோம்! பழைய மேனி அப்படியே இருக்கு. அதைச் சுரண்டிப் பெயின்ட் அடிச்சா மதிப்பே போயிடுமாமே? தெரியும் தெரியும். அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்களாம். நீங்க கவலையே படாதீங்க."

கூடத்தில் பழைய பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்த லிஃப்ட்காரர் பேப்பரை நேராகப் பிடித்தார். மதிப்பே போயிடுமா? யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்களா? பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு தட்டுப்பட்டது.

மறுநாள் காலை வாத்தியக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு வயலினின் வயிற்றில் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு சந்தேகம். பழைய டிரம்ஸ் ஒண்ணு. மேல் தோலை உரிச்சுட்டுப் புதுசா மெருகு போட்டா, மதிப்பு ஏறுமா இறங்குமா?"

"இறங்கும்ணே. நல்லா இறங்கும். பழசு சேர்க்கிறவங்களுக்கு அந்தத் தோல்தான் முக்கியம். அழுக்கா இருந்தாலும் அந்தக் காலத்து அழுக்கு பாருங்க. ஒரு தடவை தேச்சுட்டா அப்புறம் அவங்களுக்கு அது வெறும் மரப்பெட்டி. ஆனா வாசிக்கிறவங்களுக்கு அப்படி இல்லண்ணே, தோல் பிளந்து போச்சுன்னா மாத்தறதுதான்…"

"போதும் தம்பி, போதும். இதுதான் வேணும்!"

கடைக்காரர் மிச்சத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். லிஃப்ட்காரர் அதற்குள் உப்புத்தாள் விற்கிற கடையில் இருந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது காரியத்தை ஆரம்பித்தார்.

"ஏம்மா, சனிக்கிழமை வர்றவங்க முன்னாடி டிரம்ஸ் இப்படி அழுது வடிஞ்சுக்கிட்டா நிக்கணும்? உரிச்சுத் தேச்சு, பளபளன்னு பெயின்ட் அடிச்சு வெச்சா நமக்குத்தானே மரியாதை?"

அம்மணி அவரை உற்றுப் பார்த்தாள். "வேணாங்க. இருக்கறபடியே இருக்கட்டும்."

"நீ மருந்தைப் பத்திச் சொல்லு, கேட்டுக்கறேன். டிரம்ஸைப் பத்தி நான் சொல்றேன்."

"அதுக்கில்ல. நீங்க ஆரம்பிப்பீங்க, முடிக்க மாட்டீங்க. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழட்டி வெச்சு எவ்வளவு காலமாச்சு? பாட்டுப் பாடிக்கிட்டே குளிச்சு எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு."

"இதை முடிச்சுக் காட்டறேன் பார்!"

"சரி, உங்க இஷ்டம். ஆனா என்ன கலர் வேணாலும் அடிங்க, சிவப்பு மட்டும் வேணாம். கண்ணைக் குத்தும். பார்க்கச் சகிக்காது."

லிஃப்ட்காரர் உள்ளுக்குள் சிவப்பு என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

வேலை மறுநாளே தொடங்கியது. முதலில், குச்சி படுகிற தோல்களை இறுக்கும் திருகுகளையும், அவை மாட்டியிருக்கும் பித்தளைக் காதுகளையும் கழற்றினார். அப்புறம் அம்மணியின் தலைமுடி உலர்த்தும் மிஷினை எடுத்து அந்த மஞ்சள் தோலுக்குச் சூடு காட்டினார். பசை இளகி, தோல் 'சர்ர்' என்று உரிந்து வந்தபோது அவர் நெஞ்சும் கூடவே உரிந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் வாய்விட்டே சொன்னார். "உன்னைக் காப்பாத்தத்தாண்டா இதெல்லாம். கொஞ்சம் பொறுத்துக்கோ."

அவர் திட்டப்படி வேலை மோசமாக இருக்க வேண்டும். கன்னாபின்னாவென்று தேய்க்க வேண்டும். பெயின்ட் வழிய வேண்டும். வந்தவர்கள் பார்த்ததும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்க வேண்டும். தலை இதையெல்லாம் தெளிவாகச் சொன்னது. கைதான் கேட்கவில்லை. ஒரு கீறலை விட்டால் பெட்டி பாதியில் நிற்கும், ஒரு திருகு தளர்ந்தால் உயிர் போகும் என்று காலமெல்லாம் பழகின கை அது. மரத்தின் ரேகையோடு தேய்த்தது. விரலால் தடவிப் பார்த்து, இன்னும் சொரசொரப்பு இருக்கிறது என்று மறுபடியும் தேய்த்தது. பெயின்ட்டை ஒரு பூச்சு அடித்து, காயவிட்டு, மெல்லத் தேய்த்து, அடுத்த பூச்சு அடித்தது. வேண்டுமென்றே ஒரு சொட்டு வழியவிட்டுப் பார்த்தார். சாப்பிடப் போனவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவந்து அதைத் துடைத்துவிட்டுப் போனார்.

உப்புத்தாள் சத்தம் கீழே கேட்டு, கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். முகத்தில் அவ்வளவு கடுப்பு.

"என்ன சார் இது, காலையிலேருந்து கரகரன்னு! ராத்திரி வேலை பார்த்துட்டு வந்த மனுஷன் தூங்க வேணாமா?"

"மன்னிக்கணும். மரம் தேய்க்கிறேன். இதோ, இந்தப் பக்கம் முடிஞ்சா நிறுத்திடுவேன்."

"மரமா?" கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அட, டிரம்ஸா! இங்க பாருங்க, இந்த மூலையில திட்டுத் திட்டா இருக்கே. தாளை ஒரு கட்டையில சுத்திக்கிட்டுத் தேய்ங்க சார். கொடுங்க இப்படி."

சண்டைக்கு வந்தவர் சாயங்காலம்வரை தேய்த்துவிட்டு, மறுநாள் தூங்காமலே மேலே வந்துவிட்டார். அம்மணியும் வேலை முடிந்து வந்ததும் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கூடத்துக்குப் போகாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். கழற்றிய திருகுகளைத் துணியால் துடைத்து, அளவு பார்த்துத் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டாள். கடையில் மாத்திரை எண்ணுகிற விரல்.

"இது எந்த டிரம்முக்கு?"

"சின்னதுக்கு."

"நம்ம கல்யாணத்துக்கு முன்னால நீங்க எங்க தெரு விழாவுல வாசிச்சப்போ, தட்டை ரொம்ப ஓங்கி அடிச்சீங்க. எங்கப்பா காதைப் பொத்திக்கிட்டார்."

"நீ பொத்திக்கலையா?"

"நான் எதுக்குப் பொத்திக்கணும்? நான் தாளத்தையா பார்த்தேன்?"

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சங்கடமாக இருந்தது. இந்தப் பின்னறையில் இவ்வளவு பேர் ஒன்றாக உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று? வேலை முடிந்துவிட்டால் கீழ்வீட்டுக்காரர் தூங்கப் போய்விடுவார். அம்மணி போனுக்குப் போய்விடுவாள். டிரம்ஸ் மறுபடி முக்காடு போட்டுக்கொள்ளும். இருந்தாலும் டிரம்ஸ் இருக்குமே என்று மனதைத் தேற்றிக்கொண்டு கடைசிப் பூச்சை அடித்தார்.

அம்மணி சிவப்பைப் பார்த்தாள். "சொல்லச் சொல்லக் கேட்காம இதையே அடிச்சுட்டீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். லிஃப்ட்காரருக்கு உச்சி குளிர்ந்தது.

சனிக்கிழமை வந்தது. வந்தவர் ஒரு பெண்மணி. கூட இரண்டு ஆண்கள், ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. பெண்மணி பல் டாக்டர் என்றும், கொஞ்ச நாளைக்கு முன் அம்மணியின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர் என்றும் அப்போதுதான் லிஃப்ட்காரருக்குத் தெரிந்தது. பல்லைப் பிடுங்கினவள் டிரம்ஸையும் பிடுங்க வந்திருக்கிறாள் என்று கறுவிக்கொண்டே அறைக்குக் கூட்டிப்போனார்.

கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்து வைத்திருந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"டாக்டரம்மா, உங்ககிட்ட ஒரு விஷயத்தை மறைக்க விரும்பல. பெரிய தப்புப் பண்ணிட்டேன். அந்தக் காலத்து முத்துச்சிப்பித் தோல் இருந்துச்சு. ஆசையில உரிச்சுட்டேன். தேச்சுட்டேன். பெயின்ட்டும் அடிச்சுட்டேன். இனிமே இதுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. வெறும் மரப்பெட்டி." தொண்டையைக் கமறவிட்டார். "வீணா இவ்வளவு படி ஏறி வந்துட்டீங்க. ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க."

டாக்டரம்மா காதில் இது விழுந்ததாகவே தெரியவில்லை. பெரிய டிரம்மைத் தடவிப் பார்த்தார். குனிந்து ஓரத்தைப் பார்த்தார். நெட்டையைப் பார்த்தார். நெட்டை குட்டையைப் பார்த்தார்.

"சிவப்பு!" என்றார் குட்டை.

"நம்ம சட்டைக் கலர்!" என்றார் நெட்டை.

"மதிப்பை வெச்சுக்கிட்டு நாங்க என்ன சார் பண்ணப் போறோம்?" என்றார் டாக்டரம்மா. "அலமாரியில வெச்சுப் பார்க்கவா எடுத்துக்கிட்டுப் போறோம்? வாசிக்கணும். கிளினிக்குக்குப் பின்னாடி ஹால்ல சனிக்கிழமை சனிக்கிழமை கூடுவோம். நான் கீபோர்டு. இவர் டிரம்பெட், அவர் கிட்டார். அந்தப் பிளந்த தோல் கையைக் கிழிக்கும், மேடையிலும் நல்லா இருக்காது, மாத்திக் கொடுத்தா சரின்னு உங்க வீட்டம்மாகிட்டச் சொல்லியிருந்தேன். இவ்வளவு பிரமாதமாச் செய்வீங்கன்னு நினைக்கவே இல்ல!"

லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக அம்மணி பக்கம் திரும்பினார். அம்மணி ஜன்னல் திரையின் ஓரத்தை ரொம்ப அக்கறையாகச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

நெட்டை பெரிய டிரம்மைத் தூக்கினார். குட்டை ஸ்னேரையும் தட்டுகளையும் எடுத்துக்கொண்டார். கீழ்வீட்டுக்காரர் வேறு ஓடிவந்து, மற்ற இரண்டு டிரம்களையும் தூக்கிக்கொண்டு, "சார் பார்த்து, பெயின்ட் இடிபடாம!" என்று அவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டே இறங்கினார். டாக்டரம்மா ஸ்டூலைக்கூட விடவில்லை.

அறை காலியாகிவிட்டது. டிரம்ஸ் நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக, வட்டம் வட்டமாக இருந்தது. படுக்கை விரிப்புகள் ஒரு மூலையில் கிடந்தன. அவற்றை எடுத்து மடித்தார். மடித்ததை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அழுகை வந்தது. மறைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"பெயின்ட் அடிச்சா மதிப்பு போயிடும்னு போன்ல யாருகிட்டப் பேசின?"

"யாருகிட்டயும் இல்ல. சும்மா காதுல வெச்சுக்கிட்டுப் பேசினேன்."

"என்கிட்ட நேராச் சொன்னா ஆகாதா?"

"நல்லாக்கிக் கொடுங்கன்னு கேட்டா அடுத்த வருஷம்னு சொல்வீங்க. கெடுக்கணும்னு தோணினாத்தான் உங்களுக்கு ராத்திரி பகல் தெரியாம வேலை ஓடும்."

"சிவப்பு?"

"அடிக்காதீங்கன்னு சொன்னேனே!"

கீழே வண்டியின் ஹாரன் அடித்தது. ஒரு தரம், பிறகு நீளமாக இன்னொரு தரம். அம்மணி அவர் கையிலிருந்த விரிப்புகளை வாங்கிக் கீழே வைத்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து அவருடைய செருப்பையும், தேய்த்து மடித்த ஒரு சிவப்புச் சட்டையையும் எடுத்துவந்தாள்.

"போட்டுக்கிட்டுக் கிளம்புங்க. உங்களுக்காகத்தான் வண்டி நிக்குது."

"நான் எதுக்கு?"

"டிரம்ஸை யார் வாசிப்பாங்க? டாக்டரம்மா கீபோர்டுன்னு சொன்னாங்கல்ல? அவங்ககிட்ட டிரம்ஸ்காரர் இல்ல." அம்மணி குரல் கொஞ்சம் தணிந்தது. "தினமும் மத்தியானம் குச்சியைக் கையில வெச்சுக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கீங்க. ஒருநாள் மாத்திரைச் சீட்டை மறந்துட்டு, எடுக்க வந்தப்போ கதவிடுக்குல பார்த்தேன். அன்னிக்கு எனக்கு வேலையே ஓடல."

லிஃப்ட்காரர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டையை மாட்டிக்கொண்டார். தோளில் கச்சிதமாக இருந்தது. சட்டென்று மார்பு நிமிர்ந்தது. ஆக, இவ்வளவு பாடும் தனக்காகத்தான். பல் டாக்டர், டிரம்பெட், கிட்டார், எல்லோரும் ஒரு நல்ல டிரம்ஸ்காரரைத் தேடி அலைந்திருக்கிறார்கள். தன் பெயர் இன்னும் ஊரில் நிற்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு கலைஞனுக்குரிய அலட்சியத்தோடு கேட்டார்.

"அது சரி, ஆள் வேணும்னா நேரா என்னையே கேட்டிருக்கலாமே. எதுக்கு டிரம்ஸைச் சும்மா தூக்கிக் கொடுத்த?"

"முதல்ல உங்களை மட்டும்தாங்க சேர்த்துக்கச் சொன்னேன். யோசிச்சுச் சொல்றோம்னாங்க. டிரம்ஸும் கூடத் தரேன்னதுக்கு அப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க."